தம்பி விரலில் திரும்ப வளர்ந்த கட்டி, "நரம்பு உறைக் கட்டியாக இருக்கலாம்" என்று ரிப்போர்ட்: அடுத்து என்ன செய்வது?

திருப்பூர்_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்கு 34 வயது, பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். நாலு வருஷத்துக்கு முன்னால் இடது கை மோதிர விரலின் நுனிச் சதையில் ஒரு கட்டி வந்தது. முதலில் மிளகு அளவுதான் இருந்தது, அப்புறம் மெல்ல மெல்லக் கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிட்டது. தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும். பெரிதாக வலி இல்லை, துணியை ஊசிக்கு நேராகத் தள்ளும்போது மட்டும் உறுத்துகிறது என்பான்.

முதலில் காட்டிய இடத்தில் கேங்லியன் (மூட்டருகே வரும் ஜவ்வு நீர்க்கட்டி) என்றார்கள். ஊசியால் உறிஞ்சியபோது ஒரு சொட்டு ஜவ்வு மாதிரி வந்தது, கட்டி குறையவில்லை. பிறகு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் விரலை மரத்துப்போகச் செய்து எடுத்தார்கள். எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பவில்லை. நான் கேட்டதற்கு "கெட்ட கட்டி எல்லாம் இல்லம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன். 14 மாதத்தில் அதே தழும்புக்கு அடியில் திரும்ப வளர்ந்துவிட்டது. அன்றைக்கு இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாமே என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் வேறு இடத்தில் இரண்டாவது தடவையாக எடுத்தோம், இந்த முறை பயாப்ஸிக்குப் போனது. ரிப்போர்ட்டில் இருப்பது: மிக்ஸாய்டு (ஜவ்வு நிறைந்த) ஸ்பிண்டில் செல் (கதிர் வடிவச் செல்) கட்டி, பினைன் (புற்று இல்லை), நரம்பு உறையிலிருந்து வந்ததாக இருக்கலாம், நியூரோஃபைப்ரோமாவா நரம்பு உறை மிக்ஸோமாவா என்று பிரித்துப் பார்க்க ஐ.ஹெச்.சி (திசுவில் தனிச் சாயம் ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட்) செய்யவும். கட்டி வெட்டிய ஓரம் வரை இருக்கிறது என்றும் கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள். ஐ.ஹெச்.சி-க்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்கிறார்கள். "பினைன் என்று வந்துவிட்டதே, பிறகு எதற்கு இன்னொரு டெஸ்ட்?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. நியூரோஃபைப்ரோமா பரம்பரையாக வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தம்பி மகளுக்கு மூணு வயது, முதுகில் பழுப்பாக இரண்டு திட்டு இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத் தம்பி மனைவி தூங்காமல் இருக்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெற்றிலைக்கொடி:

அக்கா, அந்த டெஸ்ட்டைச் செய்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அதிலிருந்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் அம்மாவுக்கு 52 வயதில் நாக்கின் ஓரத்தில் பட்டாணி அளவு ஒரு தடிப்பு. அம்மா வெற்றிலை போடுவார், புகையிலையும் உண்டு. அதனால் டாக்டர் முகத்தைப் பார்த்தவுடனே எங்களுக்கு விஷயம் புரிந்துபோனது. மேலாக ஒரு துணுக்கு கிள்ளி அனுப்பினார்கள். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது புற்று என்று ரிப்போர்ட் வந்தது. பாதி நாக்கை எடுக்க வேண்டியிருக்கும், கழுத்தில் நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று தேதி குறித்துவிட்டார்கள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

ஆப்பரேஷனுக்கு முன்னால் அந்த ஸ்லைடுகளை இன்னொரு இடத்தில் காட்டலாம் என்று என் சித்தப்பா பிடிவாதம் பிடித்தார். அங்கே பார்த்த மேடம், "இந்தத் துணுக்கு ரொம்ப மேலாக இருக்கிறது, இதை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன், ஆழமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்" என்றார். ஆழமாக எடுத்ததில் அது கிரானுலர் செல் கட்டி. நரம்பு உறையிலிருந்து வரும் சாதாரணக் கட்டி. அதை மட்டும் எடுத்தார்கள், நாலு தையல். ஏழு வருஷம் ஆகிறது, அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார், பேசுகிறார். புகையிலையை அன்றோடு விட்டுவிட்டார்.

பினைன் கட்டியைப் புற்று என்று படிக்க முடியும் என்றால், வேறொன்றை பினைன் என்று படிக்கவும் முடியும்தானே. அதனால்தான் சொல்கிறேன்.

---

மைக்ராஸ்கோப்:

நான் பயாப்ஸி ஸ்லைடு படிக்கிற வேலையில் 19 வருஷமாக இருக்கிறேன். ஸ்லைடைப் பார்க்காமல் நோய் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ரிப்போர்ட் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று விளக்க முடியும். அதை எழுதியவர் நேர்மையாக எழுதியிருக்கிறார். ஹெச் அண்ட் ஈ என்ற வழக்கமான முதல் சாயத்தில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லி நிறுத்தியிருக்கிறார்.

ஒரு கீரைக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தண்டும் ஒரு ஆக்ஸான், அதாவது சேதி ஓடுகிற இழை. தண்டின் மேல் ஒட்டியிருக்கிற தோல் ஷ்வான் செல். பல தண்டுகளைச் சேர்த்துச் சுற்றியிருக்கிற வாழைநார் பெரிநியூரியம். ஷ்வான் செல் மட்டும் பெருகினால் ஷ்வானோமா. வாழைநாரின் செல் பெருகினால் பெரிநியூரியோமா. தண்டு, தோல், நார், நடுவில் இருக்கிற மண் எல்லாம் கலந்து பெருகினால் நியூரோஃபைப்ரோமா. மைக்ராஸ்கோப்பில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. ஷ்வானோமாவுக்கு உறை இருக்கும், நெருக்கமான இடமும் தளர்ந்த இடமும் மாறி மாறி வரும் (1920-ல் அன்டோனி பிரித்துக் காட்டிய ஏ, பி வகைகள்), நெருக்கமான இடத்தில் நியூக்ளியஸ்கள் இரண்டு வரிசையாக அணிவகுத்து நிற்கும். அந்த அணிவகுப்பை 1910-ல் வெரோக்கே எழுதினார், இன்றைக்கும் அவர் பெயரில்தான் அழைக்கிறோம். நியூரோஃபைப்ரோமாவில் அப்படி ஒழுங்கு கிடையாது. அலை அலையாக மெலிந்த நியூக்ளியஸ்கள், நடுவே திருகிய கொலாஜன், ஆங்காங்கே மாஸ்ட் செல்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், திசு முழுக்க ஜவ்வு நிரம்பிவிட்டால் இந்த முகங்கள் எல்லாம் கரைந்துபோகும். உங்கள் ரிப்போர்ட்டில் மிக்ஸாய்டு என்று இருப்பது அதுதான். ஊசியில் ஜவ்வு வந்ததற்கும், முதலில் பார்த்தவர் கேங்லியன் என்று நினைத்ததற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். விரல் நுனியில் ஜவ்வுக் கட்டி என்றால் என் மனதில் ஒரு வரிசை ஓடும்: நகத்தருகே வரும் மியூக்கஸ் சிஸ்ட், நியூரோஃபைப்ரோமா, நரம்பு உறை மிக்ஸோமா, நகத்தைச் சுற்றி வரும் ஏக்ரல் ஃபைப்ரோமிக்ஸோமா, அப்புறம் அபூர்வமாக ஆனால் மறக்கவே கூடாத மிக்ஸோஃபைப்ரோசார்கோமா. கடைசியில் சொன்னது புற்று. உங்கள் தம்பி வயதில், விரல் நுனியில், நாலு வருஷம் மெல்ல வளர்ந்த கட்டியில் அதற்கான சாத்தியம் குறைவு, செல்களில் கெட்ட அடையாளம் இல்லாததால்தான் அவர் பினைன் என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் பெயர் தெரியாமல் விட்டுவிட எனக்கு மனம் வராது.

பெயர் ஏன் முக்கியம்? நரம்பு உறை மிக்ஸோமா திரும்ப வரக்கூடிய கட்டி. 2005-ல் 57 கேஸ்களைத் திரட்டி வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. அதில் விரல்கள்தான் அதிகம், அடுத்து முழங்கால். எடுத்த பிறகு தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அதே இடத்தில் திரும்ப வந்திருக்கிறது. உடம்பில் வேறெங்கும் பரவுகிற கட்டி அல்ல இது. 34 வயது, விரல் நுனி, ரப்பர் மாதிரி, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

ஐ.ஹெச்.சி என்பது அதே கட்டியிலிருந்து புதிதாக மெல்லிய சீவல்கள் சீவி, ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பது. உங்களுக்குக் கேட்க வேண்டியது எஸ்-100, சாக்ஸ்-10, இ.எம்.ஏ, சி.டி.34, ஜி.எஃப்.ஏ.பி. (எஸ்-100 என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா, 1965-ல் மாட்டு மூளையிலிருந்து பிரித்தபோது அது அம்மோனியம் சல்ஃபேட்டின் 100 சதவீதம் நிறைவுற்ற கரைசலிலும் கரைந்தே இருந்தது, அதனால் அந்தப் பெயர்.) நரம்பு உறை மிக்ஸோமாவில் எஸ்-100 அடர்த்தியாக ஏறும், ஜி.எஃப்.ஏ.பி-யும் ஏறும், இ.எம்.ஏ ஓரத்தில் மட்டும் கோடு போட்ட மாதிரி தெரியலாம். நியூரோஃபைப்ரோமாவில் எஸ்-100 ஒரு பகுதிச் செல்களில் மட்டும் ஏறும், சி.டி.34 கைரேகை மாதிரி சுழன்று சுழன்று தெரியும். பெரிநியூரியோமாவில் எஸ்-100 ஏறாது, இ.எம்.ஏ ஏறும். ஏக்ரல் ஃபைப்ரோமிக்ஸோமாவில் சி.டி.34 ஏறும், எஸ்-100 ஏறாது.

ஒரு எச்சரிக்கை. எஸ்-100 ஏறியது என்றாலே நரம்புக் கட்டி என்று முடிவு கட்டக் கூடாது. மெலனோமாவிலும் (நிறமிச் செல்லில் வரும் புற்று) அது ஏறும், சாக்ஸ்-10-ம் ஏறும். வயதானவர்களுக்கு முகத்திலும் தலையிலும் வரும் டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமா அலை அலையான செல்களோடு, மற்ற மெலனோமா சாயங்கள் எதுவும் ஏறாமல், நியூரோஃபைப்ரோமா மாதிரியே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் வயது, இடம், எவ்வளவு நாள் என்பதெல்லாம் எங்களுக்குச் சாயத்துக்குச் சமமான தகவல். "கட்டி, விரல்" என்று இரண்டே வார்த்தையில் ஃபாரம் வரும்போது எவ்வளவு தவிப்பாக இருக்கும் என்று சொல்லி முடியாது. நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதி, முதல் ஆப்பரேஷன் நடந்த மாதத்தையும் சேர்த்து, கட்டியின் போட்டோ இருந்தால் அதையும் வைத்துக் கொடுங்கள்.

வெற்றிலைக்கொடி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது பாடப்புத்தகத்தில் எச்சரிக்கிற தவறு. கிரானுலர் செல் கட்டிக்கு மேலே இருக்கிற தோல் கண்டபடி கீழே இறங்கி வளரும், மேலாகக் கிள்ளினால் புற்று மாதிரியே இருக்கும், அடியில் இருக்கிற உண்மையான கட்டி துணுக்கிலேயே வராது. 1926-ல் அப்ரிகோசாஃப் அதை எழுதியபோது தசையிலிருந்து வருவதாக நினைத்தார், மயோபிளாஸ்டோமா என்றே வெகுகாலம் அழைத்தார்கள். எஸ்-100 வந்த பிறகுதான் ஷ்வான் செல் பக்கம் திரும்பினார்கள். ஆழமாக எடுக்கச் சொன்ன அந்த மேடம் பெரிய காரியம் செய்திருக்கிறார்.

---

பழைய_சூப்பர்வைசர்:

மகளே, நான் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் 31 வருஷம் களப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். உன் தம்பிக்கு அது இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, பயப்படாதே. ஆனால் நம் ஊரில் தோல், நரம்பு, கட்டி என்ற மூன்று வார்த்தையும் ஒரே வரியில் வந்தால் அந்த ஒன்றையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தொழுநோய் தேசிய அளவில் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது என்று 2005 கடைசியில் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு படித்து வந்த பிள்ளைகள் பலர் ஒரு கேஸைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹிஸ்டாய்டு என்று ஒரு வகை உண்டு. வேட் என்பவர் 1963-ல் அதை விவரமாக எழுதினார். சாதாரணமாகத் தெரிகிற தோலில் வழுவழுவென்று பளபளப்பாக உருண்டையாகக் கட்டிகள் நிற்கும். பயாப்ஸியில் ஸ்பிண்டில் செல் என்றுதான் வரும், அதனால் நியூரோஃபைப்ரோமா என்று நினைத்துவிடுவார்கள். தொழுநோய்க் கிருமியைக் காட்டும் ஃபைட் சாயம் போட்டுப் பார்த்தால் கிருமி கொத்துக் கொத்தாக இருக்கும். இப்படி உடம்பெல்லாம் பத்துப் பதினைந்து கட்டியோடு ஒரு லாரி டிரைவர் வந்தார், இரண்டு வருஷமாக நரம்புக் கட்டி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காது மடலில் கீறி ஸ்மியர் எடுத்தோம், அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒரு வருஷம் கூட்டு மருந்து சாப்பிட்டார், கட்டிகள் எல்லாம் அமுங்கிவிட்டன.

நீ வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று. தம்பியைக் கண்ணை மூடச் சொல். பால்பாயின்ட் பேனா முனையால் கை, கால், முதுகில் லேசாகத் தொடு, தொட்ட இடத்தை அவன் விரலால் சரியாகக் காட்டுகிறானா பார். தோலில் வெளுத்த அல்லது சிவந்த தேமல் இருந்தால் அதன் மேல் கட்டாயம் தொட்டுப் பார். அப்புறம் முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் நரம்பு ஓடும், இடித்தால் சுரீர் என்று சுண்டுவிரல் வரை போகுமே, அதே நரம்புதான். இரண்டு கையிலும் மெதுவாக உருட்டிப் பார், ஒன்று மட்டும் கயிறு மாதிரி தடித்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டு. பார்ப்பதும் மருந்தும் இலவசம்.

---

பால்காபித்திட்டு:

அக்கா, உங்கள் தம்பி மனைவிக்காக எழுதுகிறேன். எனக்கு வயது 41, என்.எஃப்-1 (நியூரோஃபைப்ரோமாக்கள் பல வரக்கூடிய மரபணு நோய்) இருக்கிறது. வான் ரெக்லிங்ஹவுசன் 1882-ல் எழுதியதால் முன்பு அவர் பெயரில் சொல்வார்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும்.

முதலில் குழந்தை. பால் காபி நிறத்தில் ஒன்றிரண்டு திட்டு எத்தனையோ குழந்தைகளுக்கு உண்டு, அதனால் மட்டும் ஒன்றும் ஆகாது. டாக்டர்கள் எண்ணுவது ஆறு. வயதுக்கு வராத பிள்ளைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் அளவுள்ள திட்டு ஆறோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது ஒரு அடையாளம். வயதுக்கு வந்தவர்களுக்கு அளவு 15 மில்லிமீட்டர். அதோடு அக்குளிலும் தொடை இடுக்கிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள், கண்மணியைச் சுற்றிய நிறப் பகுதியில் (ஐரிஸ்) கண் டாக்டரின் விளக்கில் மட்டும் தெரிகிற லிஷ் முடிச்சுகள், இப்படி இன்னும் சில சேர வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது நல்ல வெளிச்சத்தில் ஒரு தடவை நிதானமாக எண்ணிப் பாருங்கள். இரண்டே இரண்டு என்றால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை டாக்டரிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

அடுத்து தம்பி. ஒற்றை நியூரோஃபைப்ரோமா வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு என்.எஃப்-1 கிடையாது, அது தானாக வருவது. எனக்கு இருப்பது மாதிரி பல வந்தால், அல்லது ஒரு நரம்பு முழுக்கப் புழுக்கூட்டம் மாதிரி முறுக்கிக்கொண்டு வளர்ந்தால்தான் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும். என்னுடையவை மெத்தென்று இருக்கும், விரலால் அழுத்தினால் பட்டன் ஓட்டைக்குள் போவது மாதிரி உள்ளே அமுங்கும். ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தது என்று நீங்கள் எழுதியது அப்படித் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. பரம்பரை என்ற வார்த்தையை வைத்து உங்கள் வீட்டில் யாரையும் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். என் பெற்றோர் இருவருக்கும் இது இல்லை. என்னைப் போல் பாதிப் பேருக்குப் புதிதாகத்தான் வருகிறது. ஆனாலும் என் அம்மாவை ஊர் இருபது வருஷம் பேசியது. எனக்கு வந்த பிறகு என் பிள்ளைக்குப் போக இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு, அது தெரிந்துதான் பெற்றுக்கொண்டேன். அவன் இப்போது எட்டாவது படிக்கிறான்.

---

திருப்பூர்_அக்கா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பால்காபித்திட்டு, நீங்கள் எழுதியதைத் தம்பி மனைவியிடம் போனிலேயே வாசித்துக் காட்டினேன். குழந்தையைத் திருப்பித் திருப்பி எண்ணினோம், இரண்டுதான், அக்குளில் எதுவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கினாள். சூப்பர்வைசர் ஐயா, பேனாவால் தொட்டுப் பார்த்தோம், எல்லா இடத்தையும் சரியாகக் காட்டினான், தழும்புக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மரத்திருக்கிறது என்றான், முழங்கை நரம்பு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மைக்ராஸ்கோப் சார், இரண்டு சந்தேகம். ஐ.ஹெச்.சி-யை அதே லேபில் செய்வதா, வேறு இடத்துக்குக் கொண்டுபோவதா? கொண்டுபோனால் அவர்கள் எதைக் கொடுப்பார்கள்? இன்னொன்று, தம்பி போனில் தேடி "நியூரோதெக்கியோமா" என்று ஒரு பெயரைக் காட்டினான், நரம்பு உறை மிக்ஸோமாவும் அதுவும் ஒன்று என்று போட்டிருக்கிறது. உண்மையா?

---

மைக்ராஸ்கோப்:

தழும்புக்குப் பக்கத்தில் மரப்பு இருப்பது இரண்டு தடவை கத்தி பட்ட விரலில் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் கை சர்ஜனிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பெயர்க் குழப்பம் உங்கள் தம்பியின் தவறு இல்லை, எங்கள் துறையின் தவறு. 1969-ல் ஹார்க்கினும் ரீடும் நரம்பு உறை மிக்ஸோமா என்று எழுதினார்கள். 1980-ல் கேலகரும் ஹெல்விக்கும் நியூரோதெக்கியோமா என்று ஒரு பெயர் வைத்தார்கள், நரம்பின் உறை என்ற அர்த்தத்தில். ஜவ்வு வகை, செல் வகை என்று இரண்டையும் ஒரே குடும்பமாக வெகுநாள் பேசினார்கள். பிறகு சாயங்கள் வந்து பார்த்தால் செல் நிறைந்த நியூரோதெக்கியோமாவில் எஸ்-100 ஏறவே இல்லை. ஜீன்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் அது ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா என்ற நார்த்திசுக் கட்டியின் பக்கம் நிற்கிறது, நரம்பு உறை மிக்ஸோமா ஷ்வானோமா பக்கம் நிற்கிறது. ஆக இரண்டும் வேறு. நியூரோதெக்கியோமா பெரும்பாலும் இளம் வயதில், பெண்களுக்குக் கூடுதலாக, முகத்திலும் தோளிலும் வரும். பழைய ரிப்போர்ட்டுகளிலும் இணையத்திலும் இன்னும் கலந்தே கிடக்கிறது.

எங்கே செய்வது என்பதற்கு: தோல் கட்டியும் மென்திசுக் கட்டியும் அதிகம் பார்க்கிற இடத்தில், பெரிய மருத்துவக் கல்லூரியிலோ புற்றுநோய் மையத்திலோ, ஸ்லைடையும் சேர்த்துக் காட்டிவிட்டுச் செய்வது நல்லது. சாயம் போடுவது மெஷின், படிப்பது மனிதர். லேபில் ஸ்லைடு மட்டும் கேட்காதீர்கள், பாராஃபின் பிளாக்கும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சின்ன பிளாஸ்டிக் கூட்டில் மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும், நடுவில் தம்பியின் திசு வெளிறித் தெரியும். அதிலிருந்துதான் புதிய சீவல் சீவ முடியும். பிளாக் எண் ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று கவுன்ட்டரிலேயே சரிபாருங்கள். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், இனி அதே இடத்தில் எது வந்தாலும் ஒப்பிட அதுதான் உதவும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். எடுத்த கட்டி எவ்வளவு சின்னதானாலும் 10 சதவீத ஃபார்மலினில், கட்டியைப் போல் பத்து மடங்கு திரவத்தில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். போன மாதம் ஒரு கட்டி ஊறுகாய் பாட்டிலில் சலைனில் மிதந்தபடி இரண்டு நாள் கழித்து என் மேஜைக்கு வந்தது. செல்கள் எல்லாம் கரைந்துவிட்டன. அந்தப் பையனுக்கு 22 வயது, அவன் அம்மாவிடம் "தெரியவில்லை" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

---

திருப்பூர்_அக்கா:

ரிப்போர்ட் வந்துவிட்டது, இங்கே எழுதினால்தான் எனக்கு முழுமையாக இருக்கும். பிளாக்கையும் ஸ்லைடையும் கொண்டுபோய் நேற்றோடு 16 நாள். எஸ்-100 அடர்த்தியாக ஏறியிருக்கிறது, சாக்ஸ்-10-ம் ஏறியிருக்கிறது, ஜி.எஃப்.ஏ.பி-யும் ஏறியிருக்கிறது. இ.எம்.ஏ ஓரத்தில் மட்டும். சி.டி.34 ஒன்றிரண்டு செல்லில். ஃபைட் சாயமும் போட்டு கிருமி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், ஐயா சொன்னதை நான் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். முடிவு: தோலின் நரம்பு உறை மிக்ஸோமா, புற்று இல்லை, ஓரத்தில் கட்டி இருக்கிறது.

அங்கே இருந்த டாக்டர் மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெளிர் நீலமாக ஜவ்வரிசிப் பாயசம் மாதிரி உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு இளஞ்சிவப்பு வேலி. நாலு வருஷமாக இதுதான் அவன் விரலுக்குள் இருந்ததா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை சர்ஜன் இரண்டு வழி சொன்னார். இப்போதே இன்னும் கொஞ்சம் அகலமாக எடுக்கலாம், ஆனால் விரல் நுனி நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது, உணர்ச்சி குறையலாம். அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து, தலை காட்டினால் அப்போது எடுக்கலாம். தம்பி இரண்டாவதுக்குத்தான் நிற்கிறான், துணியை விரலால் உணராமல் என்னால் தைக்க முடியாது என்கிறான். அது தப்பா சார்?

---

மைக்ராஸ்கோப்:

தப்பில்லை. பரவாத கட்டி, திரும்ப வந்தாலும் அதே இடத்தில்தான் வரும், மெதுவாகத்தான் வரும். விரலை வைத்துப் பிழைக்கிறவர் அப்படி முடிவெடுத்தால் நானும் அதையே சொல்வேன். மாதம் ஒரு தடவை அந்தத் தழும்பை அவரே அழுத்திப் பார்க்கட்டும், மிளகு அளவு தெரிந்தாலும் ஆறு மாதம் வரை காத்திருக்காமல் போகட்டும்.

பிளாக்கைத் திரும்ப வாங்கிவிட்டீர்களா?

---

திருப்பூர்_அக்கா:

வாங்கிவிட்டேன் சார். இன்னும் வண்டி டிக்கியிலேயேதான் இருக்கிறது, சாயங்காலம் எடுத்து வைக்கிறேன்.

---

மைக்ராஸ்கோப்:

இப்போதே எடுத்துவிடுங்கள். அது மெழுகு, வெயிலில் நிற்கிற வண்டி டிக்கிக்குள் இளகிப்போகும். ஒரு கவரில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

---

திருப்பூர்_அக்கா:

எடுத்துவிட்டேன் சார், இளகவில்லை, எண்ணும் அழியாமல் அப்படியே இருக்கிறது. பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.